எத்தனை நாள் தங்கும்?

(வாசகர் கேள்வி - பதில்)

முப்பத்தொரு வருடம் காற்று மாதிரி எடுப்பதுதான் என் வேலை. மாசு அளக்கும் ஆய்வகத்தில் இளநிலை வேதியியலாளராகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். காற்றைப் பற்றியும் வெப்பத்தைப் பற்றியும் கேட்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். கட்டுக்கட்டாகக் கடிதங்கள் வந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

அம்மா, புகையும் தூசும்தான் மாசு, புவி வெப்பமாதல் அதிலிருந்து தனி விஷயம் என்கிறாள் என் தோழி. இரண்டும் ஒன்றுதான் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? - கல்லூரி மாணவி

இரண்டு பேரும் பாதி சரி. நிலக்கரியோ டீசலோ எரியும்போது கரித்துகளும் கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வருகின்றன. அதே புகைபோக்கியிலிருந்து, அதே நொடியில் கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. பிறக்கும் இடம் ஒன்று. வெளியே வந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு.

என் மேஜையில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நுண்துகளை அளக்க 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெள்ளை ஃபில்டர் ஒன்றை எடை போட்டுக் கருவிக்குள் வைப்போம். அது நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை இழுக்கும். ஒரு பகல், ஓர் இரவு ஓடினால் 24 கன மீட்டர். ஒரு ஆள் இரண்டு நாளில் மூச்சாக இழுப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். மறுநாள் ஃபில்டரை வெளியே எடுத்தால் சாம்பல் நிறத்தில் இருக்கும். சில நாள் கன்னங்கரேலென்று இருக்கும். கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் துகள் இருந்த நாளென்றால், தாளில் ஏறியிருக்கும் எடை 1.2 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லாத அந்த எடைதான் நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போகிறது.

அதே 24 கன மீட்டர் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருந்தது தெரியுமா? சுமார் 18 கிராம். துகளைப் போலப் பதினைந்தாயிரம் மடங்கு. ஆனால் ஃபில்டரில் அதன் சுவடே இருக்காது. நிறமில்லை, மணமில்லை, மூக்கை உறுத்தாது. வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் நானும் ஃபில்டர் காட்டியதை மட்டுமே மாசு என்று நினைத்திருந்தேன்.

துகள் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் தரையில் படிந்துவிடும், அல்லது மழை அடித்துக்கொண்டு போய்விடும். மீத்தேன் ஏறக்குறைய பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். உரம் போட்ட நிலத்திலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடு நூறு வருடத்துக்கு மேல். கார்பன் டை ஆக்சைடுக்கு இப்படி ஒரே ஒரு கணக்குச் சொல்ல முடியாது. பாதிக்கு மேல் செடிகொடிகளும் கடலும் எடுத்துக்கொள்கின்றன. மீதியில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான வருடம் காற்றிலேயே நிற்கும். உன் தோழியிடம் இந்த ஆயுள் கணக்கைச் சொல். அதற்குப் பிறகு உங்களுக்குள் சண்டை இருக்காது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும் என்று படித்தேன். பெட்ரோலே முக்கால் கிலோதானே இருக்கும்? - வாகன ஓட்டுநர்

கணக்கு சரிதான். பெட்ரோலின் எடையில் பெரும்பகுதி கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 பங்கு எடை 44 பங்காகிவிடும். கூடுதல் எடை காற்று கொடுத்தது.

நாங்கள் எல்லாரும் மூச்சு விடுவதாலும் பூமி சூடாகுமா? எங்கள் வகுப்பில் 42 பேர். - ஏழாம் வகுப்பு மாணவன்

ஆகாது, தம்பி. நீங்கள் 42 பேரும் நன்றாக மூச்சு விடுங்கள். உன் மூச்சில் வரும் கார்பன் நீ சாப்பிட்டதிலிருந்து வந்தது. அதைச் செடி போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ காற்றிலிருந்துதான் எடுத்தது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறாய், அவ்வளவுதான். நிலக்கரியிலும் பெட்ரோலியத்திலும் இருக்கும் கார்பன் அப்படியில்லை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்பு மண்ணுக்கடியில் போனது. அதைத் தோண்டி எடுத்து இருநூற்றுச் சொச்சம் வருடத்துக்குள் எரித்துக்கொண்டிருக்கிறோம். சூடு அதனால் வருகிறது.

காற்றைச் சுத்தம் செய்தால் பூமி இன்னும் சூடாகும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நம்பவே முடியவில்லை. அப்படியானால் புகையை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்களா? - நூலகர்

கட்டுரையில் இருந்தது உண்மைதான். கடைசியில் நீங்கள் கேட்டிருப்பதற்கு என் பதில்: கூடாது.

கந்தக டை ஆக்சைடு காற்றில் சல்பேட் துகளாக மாறுகிறது. அந்தத் துகள் வெளிறிய நிறம். சூரிய ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும், மேகங்களையும் வெளிறச் செய்யும். அதனால் கீழே கொஞ்சம் குளிர்ச்சி. இதை உலகமே கண்ணெதிரே பார்த்தது 1991 ஜூனில். பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலை வெடித்து ஒன்றரைக் கோடி டன் அளவுக்குக் கந்தக டை ஆக்சைடை மேலே தூக்கி எறிந்தது. அடுத்த வருடம் பூமியின் சராசரி வெப்பம் ஏறத்தாழ அரை டிகிரி குறைந்தது. மழை மேகங்களுக்கும் மேலே, ஸ்ட்ரடோஸ்பியரில் போய் நின்றதால் அந்தத் துகள் ஓரிரு வருடம் தாக்குப்பிடித்தது. பிறகு அது படிந்துவிட, வெப்பம் பழைய பாதைக்கே வந்துவிட்டது.

நம் புகைபோக்கிகள் விடுவதோ கீழ்க்காற்றில். அது வாரக்கணக்கில்தான் நிற்கும். தினமும் புதிதாக விட்டுக்கொண்டே இருப்பதால்தான் அந்த மறைப்பு நீடிக்கிறது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று பன்னாட்டு விதி வந்தது. கப்பல் போன வழியில் கடலுக்கு மேலே வெள்ளைக் கோடாகப் படியும் மேகங்கள் செயற்கைக்கோள் படங்களில் சட்டென்று குறைந்துபோயின. அந்த மேகம் மறைத்துவைத்திருந்த வெப்பம் இப்போது வெளியே தெரிகிறது. மனிதர் விட்ட துகள்கள் எல்லாம் சேர்ந்து மறைத்துவைத்திருப்பது 0 முதல் 0.8 டிகிரிக்குள் இருக்கும் என்று 2021-ல் ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐபிசிசி தன் அறிக்கையில் கணக்குக் காட்டியது.

ஆய்வகத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அப்படியென்றால் புகை இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று உடன் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். அன்றைக்கு எடுத்த ஃபில்டரை அவர் முன்னால் வைத்தேன். இதை உங்கள் பேரன் மூச்சில் விடுவீர்களா என்று கேட்டேன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் காற்று அசையாமல் நின்று, நிலக்கரிப் புகை தெருவிலேயே தங்கிவிட்டது. உடனடியாகக் கணக்கிட்ட சாவு 4,000. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் 12,000 வரை போகும் என்றார்கள். நிழல் தருகிறதே என்று நாம் விட்டுவைக்கச் சொல்வது இந்தப் பொருளைத்தான். உலகத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 70 லட்சம் பேர் காற்று மாசால் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வெளிக்காற்றும் வீட்டு அடுப்புப் புகையும் சேர்ந்த கணக்கு அது.

சல்பேட்டைக் குறைக்கும்போதே மீத்தேனையும் கரித்துகளையும் குறைத்தால், விலகும் நிழலுக்கு ஓரளவு ஈடு கிடைக்கும். கரித்துகள் கறுப்பு. அது ஒளியைத் திருப்பி அனுப்பாது, வாங்கிக்கொண்டு சூடாகும். பனிமலை மேல் படிந்தால் பனியும் சீக்கிரம் உருகும். அதைக் குறைப்பதால் நெஞ்சுக்கும் நல்லது, பனிக்கும் நல்லது. எதை முதலில் நிறுத்த வேண்டும் என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

எனக்கு வயது 71. பூமி எத்தனையோ முறை சூடாகிக் குளிர்ந்திருக்கிறது. சூரியன் கூடக் குறைய எரிவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் மனிதர் மேல் பழி போடுகிறீர்கள். - ஓய்வுபெற்ற பொறியாளர்

ஐயா, நீங்கள் சந்தேகப்படுவது நியாயம். சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. சூரியன்தான் காரணமென்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ் வரை முழுதும் சூடாக வேண்டும். நடப்பது அப்படியில்லை. கீழ்க்காற்று சூடாகிறது, ஸ்ட்ரடோஸ்பியர் குளிர்கிறது. கீழிருந்து எழும் வெப்பத்தை நடுவில் எதுவோ பிடித்துவைத்தால் மட்டுமே அப்படி நடக்கும். சூரியனின் வீச்சைச் செயற்கைக்கோள்கள் 1978 முதல் அளந்து வருகின்றன. பதினோரு வருட ஏற்ற இறக்கம் தெரிகிறது. ஆனால் கூடிக்கொண்டே போகும் போக்கு இல்லை.

காற்றில் கூடியிருக்கும் கார்பனுக்கு அடையாளமும் உண்டு. கார்பன்-14 என்ற கதிரியக்க வகை 5,730 வருடத்தில் பாதியாகிவிடும். கோடி வருடம் புதைந்து கிடந்த நிலக்கரியில் அது துளியும் மிஞ்சியிருக்காது. எரிபொருளை எரிக்க எரிக்க, காற்றிலுள்ள கார்பனில் அந்த வகையின் விகிதம் நீர்த்துப்போவதை அளந்திருக்கிறார்கள். ஆக்சிஜனும் துளித்துளியாகக் குறைகிறது, எரிவதற்கு அது வேண்டுமே. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கார்பன் டை ஆக்சைடை 1958 மார்ச்சில் அளக்கத் தொடங்கியவர் சார்லஸ் டேவிட் கீலிங். ஆக்சிஜன் குறைவதை அளந்து காட்டியவர் அவருடைய மகன் ரால்ஃப் கீலிங். அப்பா தொடங்கியபோது பத்து லட்சத்தில் 313 பங்கு. 2024-ன் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது.

பூமி முன்பு சூடாகவில்லையா என்றீர்கள். ஆகியிருக்கிறது. பனிப்பாளத்தில் அடைபட்ட காற்றுக் குமிழிகள் எட்டு லட்சம் வருடக் கணக்கைச் சொல்கின்றன. அத்தனை காலமும் கார்பன் டை ஆக்சைடு 170-க்கும் 300-க்கும் இடையில்தான் ஏறி இறங்கியிருக்கிறது. பனியுகத்திலிருந்து வெளியே வர 80 முதல் 100 பங்கு கூட வேண்டியிருந்தது. அதற்கு ஆயிரக்கணக்கான வருடம் ஆயிற்று. நான் சொன்ன 313-லிருந்து 424 வரை ஏறியது உங்கள் ஆயுளுக்குள்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய கண்ணாடிக் குழாயை வெயிலில் வைத்து, அது சாதாரணக் காற்றைவிட அதிகம் சூடாகிறது, ஆற நேரம் பிடிக்கிறது என்று 1856-லேயே கண்டு சொன்னவர் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண். விஞ்ஞானிகள் கூட்டத்தில் அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார். அந்த வாயு மிகுந்த காற்று மண்டலம் பூமியை வெப்பமாக்கும் என்று அதிலேயே எழுதியிருந்தார். இந்தத் துறையில் வேலை பார்த்த எனக்கே நாற்பது வயது கடந்த பிறகுதான் அவர் பெயர் தெரிந்தது.

கடல் இவ்வளவு பெரியது. அதற்கு என்ன ஆகிவிடும்? - வாசகி

பெரியது என்பதால்தான் நாம் இன்னும் தப்பித்துக்கொண்டிருக்கிறோம். கூடுதல் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொண்டிருக்கிறது. நாம் விடும் கார்பன் டை ஆக்சைடில் கால் பங்கையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்வதற்கு விலை உண்டு. ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு குடுவைத் தண்ணீரில் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டியைச் சில சொட்டு விட்டு, ஸ்ட்ரா வழியாக ஊதச் சொல்வேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகும். மூச்சிலுள்ள வாயு தண்ணீரை அமிலத்தின் பக்கம் தள்ளுகிறது. கடலிலும் அதுதான் நடக்கிறது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண் (அது குறையக் குறைய அமிலம் கூடும்) 8.2-லிருந்து 8.1 ஆகியிருக்கிறது. கேட்டால் சின்ன எண். ஆனால் அந்த அளவுகோலின் கணக்குப்படி ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் கூடிவிட்டன. சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதனால் குறைகிறது.

வெப்பத்தால் வருவது இன்னும் வேகமான கேடு. ஓரிடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரே ஒரு டிகிரி கூடி, நாலு வாரம் நீடித்தால் போதும். பவளம் தன்னுள்ளே வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடும். நிறமும் உணவும் அந்தப் பாசி கொடுத்ததுதான். அது போனதும் பவளம் எலும்பு போல வெளுத்து நிற்கும். உடனே செத்துவிடாது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். கரையிலிருந்து வரும் சேறும் சாக்கடையும் உரமும் இல்லாத இடத்தில் அது தேறுவதற்கு வாய்ப்பு அதிகம். வெப்பத்தைத் தனியாகவும் மாசைத் தனியாகவும் பேசினால் இந்த இடத்தில்தான் தப்பு செய்துவிடுவோம்.

தண்ணீர் சூடானால் அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜனும் குறையும். நன்னீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் நிற்கும். 30 டிகிரியில் 7.6-தான். அதே தண்ணீரில் உரம் கலந்து பாசி பொங்கி, அது அழுகினால் இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். மீன்கள் இரவில் சாவதற்குக் காரணம் அதுதான். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், இரவில் அதுவும் சேர்ந்து உறிஞ்சும்.

என் மகனுக்கு ஆறு வயது, இளைப்பு இருக்கிறது. கடும் வெயில் நாட்களில் அதிகமாகிறது. புகையே இல்லாத நாளில் ஏன்? - ஒரு தாய்

அம்மா, வானம் பளிச்சென்று இருக்கும் வெயில் நாளில் தரை மட்ட ஓசோன் கூடும். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் ஆக்சைடும் பெயிண்ட், எரிபொருள் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து அது உண்டாகிறது. வெயில் ஏற ஏற ஏறும், பெரும்பாலும் மதியத்திலிருந்து மாலை வரை உச்சத்தில் இருக்கும். மூச்சுக்குழாயை அரித்துச் சுருங்க வைக்கும். நுண்துகளுக்கு நேரம் வேறு. காற்று அசையாத குளிர்ந்த விடியற்காலையிலும் இரவிலும் அது தரையை ஒட்டித் தேங்கி நிற்கும். ஆகவே வெயில் நாளில் அவன் ஓடியாடும் நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். புகைமூட்டமான நாளில் காலையைத் தவிருங்கள். என்-95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், ஓசோனைத் தடுக்காது. குழந்தை தன் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறான். அதனால்தான் உங்களுக்கு ஒன்றும் ஆகாத நாளில் அவனுக்கு ஆகிறது. எந்த நாளில் எத்தனை மணிக்கு இளைப்பு வந்தது என்று ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை அவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. இதுவரை ஒன்றாவது சரியாகியிருக்கிறதா? - இளைஞர்

ஆகியிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியில் இருந்த சிஎஃப்சி வாயுக்கள், உயரத்தில் நின்று நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-ல் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் எழுதினார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 1987-ல் அந்த வாயுக்களை நிறுத்த மாண்ட்ரியல் உடன்படிக்கை. அந்த வாயுக்களின் ஆயுள் ஐம்பது முதல் நூறு வருடம் என்பதால், நிறுத்தியும் அண்டார்டிகாவின் ஓட்டை 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்று ஐ.நா. மதிப்பிட்டிருக்கிறது. சிஎஃப்சி வெப்பத்தைக் கடுமையாகப் பிடித்துவைக்கும் பசுங்குடில் வாயுவும்கூட. அன்றைக்கு நிறுத்தியிருக்காவிட்டால் இன்றைய வெப்பம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

கார்பன் டை ஆக்சைடு விடுவதை நிகரப் பூஜ்யத்துக்கு, அதாவது விடுவதும் திரும்ப எடுப்பதும் சமமாகும் நிலைக்குக் கொண்டுவந்தால் வெப்பம் ஏறுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் இறங்காது. கடல் மட்டம் அதற்குப் பிறகும் நூற்றாண்டுக்கணக்கில் ஏறும். மீத்தேனைக் குறைத்தால் பத்து, இருபது வருடத்துக்குள்ளேயே பலன் தெரியும். உங்கள் வயதில் இருப்பவர் அதைக் கண்ணால் பார்ப்பீர்கள். பயப்படுங்கள், தப்பில்லை. பயந்த பிறகு எரிவாயுக் குழாய்க் கசிவையும் குப்பைக் கிடங்கையும் பற்றிக் கேள்வி கேளுங்கள்.

பழைய ஃபில்டர்களை என்ன செய்வீர்கள், அம்மா? - பள்ளி மாணவி

சோதனை முடிந்ததும் பாதியை வெட்டி, சின்ன மூடியிட்ட தட்டில் தேதி எழுதிக் குளிர்பெட்டியில் வைப்போம். பிறகு யாராவது வேறு பொருளைத் தேடினால் உதவும். பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்திய பிறகு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபில்டர்களை நான்தான் அமிலத்தில் கரைத்து அளந்தேன். சில வருடத்துக்குள் ஈயம் சரசரவென்று இறங்கியிருந்தது. வரைபடத்தில் புள்ளிகளை வைக்கும்போது என் கை நடுங்கியது. ஒரு விதி மாறினால் காற்று எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் ஈய பெட்ரோலை நிறுத்தியது.

அந்த ஃபில்டர்களை அளந்த அதே வாரம் சாலையோர மண்ணையும் எடுத்துச் சோதித்தோம். மேல் சில சென்டிமீட்டருக்குள் ஈயம் அப்படியே இருந்தது. அந்த மண்ணும் தேதி எழுதின குப்பியில் ஃபில்டர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.